பேக்டோர் புகுந்த கணினி: கண்டுபிடிப்பதும் மீட்பதும் எப்படி?

வெளியாள் ஒருவன் நமக்குத் தெரியாமல் நம் கணினிக்குள் புழங்க வழி விடும் நிரல்தான் பேக்டோர் எனப்படும் பின்கதவு. அது கணினிக்குள் வந்த அன்று ஒன்றுமே தெரியாது. திரை கறுக்காது, ஃபைல்கள் காணாமல் போகாது, பணம் கேட்டு மிரட்டலும் வராது. டேலி வழக்கம்போலத் திறக்கும், யூடியூப் வழக்கம்போல ஓடும். எத்தனை நாள் கண்ணில் படாமல் இருக்கிறதோ அத்தனை நாள் அனுப்பியவனுக்கு லாபம் என்பதால், சத்தமில்லாமல் இருப்பதுதான் அதன் முதல் வேலை.

மதுரையில் சிஸ்டம் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள், டிடிபி சென்டர் நடத்துபவர்கள், ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் சிறிய அலுவலகங்கள், புது லேப்டாப் வாங்கிய கல்லூரிப் பிள்ளைகள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பேக்டோர் விஷயத்தில் எதைச் செய்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் நஷ்டமே இருக்கிறது. சந்தேகம் வந்ததும் பலரும் அதே கணினியில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். அந்தப் புதுப் பாஸ்வேர்டும் அடுத்த நிமிடமே திருடன் கைக்குப் போய்விடுகிறது. அதனால் அவசரமாக இருப்பவர்கள் நேராக ‘வரிசை’ என்ற பகுதிக்குப் போய்விட்டு, அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள்.

எப்படி உள்ளே வருகிறது

பெரும்பாலும் யாரும் உடைத்துக்கொண்டு வருவதில்லை. நாம் இரட்டைக் கிளிக் செய்து, வருகிற எச்சரிக்கைக்கெல்லாம் ‘எஸ்’ கொடுத்து உள்ளே விடுகிறோம்.

நான் அதிகம் பார்ப்பது கிராக் மென்பொருள் வழியாக வருவதைத்தான். அசெம்பிள் செய்த கணினி வாங்கும்போது விண்டோஸ், ஆபீஸ், ஃபோட்டோஷாப், கோரல்டிரா எல்லாம் போட்டுத் தரச் சொல்கிறோம். லைசென்ஸ் பணம் கொடுப்பதில்லை. போடுபவர், லைசென்ஸ் வாங்கியதுபோல மென்பொருளை ஏமாற்றும் ஆக்டிவேட்டர் ஒன்றை ஓட்டுகிறார். அந்த ஆக்டிவேட்டரோடு வரும் குறிப்பில் முதல் வரியே “ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இதை ஓட்டவும்” என்று இருக்கும். அதோடு, அந்த ஃபோல்டரை விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இனிமேல் சோதிக்கக் கூடாது என்று விலக்குப் பட்டியலிலும் சேர்க்கச் சொல்லும். இரண்டையும் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியும் கொடுத்துவிட்டால் உள்ளே வருவதற்கு வேறென்ன வேண்டும்? எல்லா ஆக்டிவேட்டரிலும் பேக்டோர் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்டுபிடிக்கும் ஒரே காவலாளியை நாமே அனுப்பிவிட்டு ஓட்டுகிறோம் என்பதுதான் பிரச்சினை. பத்திரிகை அடிக்கும் கடைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் டைப்பிங்குக்காகக் கிராக் தேட வேண்டிய தேவையே இப்போது இல்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப், ஜிம்ப் மூன்றும் இலவசம். கோரல்டிராவில் கைபழகியவருக்கு இங்க்ஸ்கேப் முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், அது எனக்கும் தெரியும். கோரல்தான் வேண்டும் என்றால் அதை விலை கொடுத்து வாங்குங்கள். கடையின் பிழைப்பே அந்த ஒரு கணினியில்தான் ஓடுகிறது.

இரண்டாவது பென்டிரைவ். கலெக்டர் ஆபீஸ் பக்கமோ, கோர்ட் பக்கமோ, காலேஜ் வாசலிலோ இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை வருகிறவர்களின் பென்டிரைவ் எல்லாம் அந்த ஒரே கணினியில் செருகப்பட்டு எடுக்கப்படுகிறது. ஒன்றில் புழு, அதாவது தானாகப் பரவும் தீநிரல், இருந்தால் போதும், அதற்குப் பின் வந்த அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். “அண்ணே, பென்டிரைவ்ல எல்லாம் ஷார்ட்கட்டா வந்திருச்சு, ப்ராஜெக்ட் ஃபைலைக் காணோம்” என்று பிள்ளைகள் வந்து நிற்பது இதனால்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகினாலே ஆட்டோரன் என்ற வசதி உள்ளிருக்கும் நிரலைத் தானாக ஓட்டிவிடும். 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் புழு அந்த வழியையும் நன்றாகப் பயன்படுத்தியது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட் மூலம் பென்டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தியது. அதற்குப் பிறகு ஷார்ட்கட் வழி பரவலானது. புழு உங்கள் ஃபைல்களை அழிப்பதில்லை, மறைத்து வைக்கிறது. வெளியே ஒரே ஒரு ஷார்ட்கட்டை மட்டும் விட்டு வைக்கும். அதற்கு உங்கள் பென்டிரைவின் பெயரே இருக்கும், படமும் டிரைவ் மாதிரியே இருக்கும். அதைத் திறந்தால் உங்கள் ஃபைல்கள் எல்லாம் வரும். ஆனால் அதே நொடியில் பின்னால் புழுவும் ஓடி, அந்தக் கணினியில் குடியேறிவிடும். ‘எல்லாம் சரியாகத்தான் திறக்குது’ என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

பென்டிரைவைத் திறந்ததும் உள்ளே இன்னொரு டிரைவ் மாதிரி ஒரு ஐகான் மட்டும் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ போய் ‘ஷோ’வில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். அதிலும் தெரியவில்லை என்றால் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற டிக்கை எடுங்கள். பெயரே இல்லாத மாதிரி மங்கலாக ஒரு ஃபோல்டர் தெரியும், பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் அதற்குள்தான் இருக்கும். ஆவணங்கள், படங்களை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு, பிறகு பென்டிரைவை ஃபார்மட் செய்யலாம். இதைச் சுத்தமான, அப்டேட் ஆன கணினியில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது மெயிலில் வரும் இணைப்பு. கணக்குப் பார்க்கும் அலுவலகங்களைக் குறி வைப்பது இது. ‘இன்வாய்ஸ்’, ‘ஜிஎஸ்டி நோட்டீஸ்’, ‘பேமென்ட் அட்வைஸ்’ என்று பெயர் போட்ட ஜிப் ஃபைல் வரும். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கும், அந்தப் பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதியிருப்பார்கள். அப்படி என்றால் பூட்டு எதற்கு? மெயில் நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்க முடியாமல் இருப்பதற்காகத்தான். பூட்டும் சாவியும் ஒரே மெயிலில் வந்தால் திறக்காமல் அனுப்பியவருக்கு ஒரு போன் போடுங்கள்.

இங்கே ஒரு சிறிய மாற்றத்தை இன்றே செய்துவிடலாம். விண்டோஸ் சாதாரணமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டுவதில்லை. அதனால் ‘இன்வாய்ஸ்’ என்ற பெயருக்குப் பின் பிடிஎஃப் என்றும், அதற்கும் பின் இஎக்ஸ்இ என்றும் முடியும் ஒரு நிரல், வெறும் பிடிஎஃப் மாதிரித் தெரியும். ஐகானையும் பிடிஎஃப் ஐகானாகவே போட்டிருப்பார்கள். ‘வியூ’, ‘ஷோ’, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று போய் டிக் செய்துவிட்டால் வால் முழுவதும் தெரியும். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே என்று முடிகிற எதுவும் இன்வாய்ஸாக இருக்க முடியாது.

நான்காவது ஒரு புதிய தந்திரம், 2024 முதல் அதிகம் பரவுகிறது. ஏதோ ஒரு தளத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்று வரும். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தச் சொல்லும், அப்புறம் கண்ட்ரோலும் வி-யும், அப்புறம் என்டர். அந்தத் தளம் முன்கூட்டியே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்திருக்கும். நீங்கள் அதை உங்கள் கையாலேயே ஒட்டி ஓட்டிவிடுகிறீர்கள். எந்த நேர்மையான தளமும் இப்படிக் கேட்காது. வீட்டில் உள்ள எல்லாருக்கும் இந்த ஒன்றையாவது சொல்லி வையுங்கள்.

போன் செய்து “கேஒய்சி முடிக்கணும் சார், இந்த ஆப்பை இறக்குங்க” என்று எனிடெஸ்க் போன்ற, தூரத்திலிருந்தே உங்கள் திரையைப் பார்த்து இயக்க உதவும் ரிமோட் ஆப்பைப் போட வைப்பதும் பின்கதவுதான். ஆப் நல்ல ஆப், அதைக் கேட்கிற ஆள்தான் கெட்டவன். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இதைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது.

நாம் எந்தத் தவறும் செய்யாமலே வருவதும் உண்டு. 2017-இல் சிகிளீனர் என்ற பிரபலமான இலவச மென்பொருளின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே பேக்டோர் நுழைக்கப்பட்டு, சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போனது. 2024 மார்ச்சில் லினக்ஸ் உலகமே பயன்படுத்தும் எக்ஸ்இசட் என்ற சிறிய கருவிக்குள் ஒரு பேக்டோர் இருந்தது தெரியவந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்த அரை நொடியை அவர் அலட்சியம் செய்யாததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆனால் நம் ஊர்க் கணினிகளுக்கு அந்த வகைத் தாக்குதல் வருவது அரிது. நமக்குக் கிராக்கும் பென்டிரைவும்தான் பெரும்பாடு.

உள்ளே வந்தபின் என்ன செய்கிறது

முதலில் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும். கணினியை அணைத்துப் போட்டாலும் மறுபடி தானாக ஓட, ஸ்டார்ட்அப் பட்டியலிலோ, ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் பதிவேட்டிலோ, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிலோ ஒரு வரி எழுதி வைக்கும்.

அடுத்து வெளியே பேசும். ஃபயர்வால் இருந்தும் எப்படி என்று கேட்பார்கள். அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் உள்ளே வருகிறவரை நிறுத்திப் பெயர் எழுதச் சொல்வார், வெளியே போகிறவரை நிறுத்த மாட்டார். வீட்டு ஃபயர்வாலும் அப்படித்தான். பேக்டோர் உள்ளேயிருந்து வெளியே இருக்கும் தன் எஜமானனின் சர்வருக்கு இணைப்புப் போடும், அதுவும் பெரும்பாலும் எல்லா வலைத்தளங்களும் பயன்படுத்தும் அதே 443-ஆம் போர்ட் வழியாக. பார்வைக்கு நீங்கள் ஏதோ தளத்தைப் படிக்கிற மாதிரித்தான் இருக்கும்.

அப்புறம் வசூல். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு கீயும் பதிவாகும். திரை படமெடுக்கப்படும், அதனால் வங்கித் தளத்தில் மவுஸால் அழுத்தும் விசைப்பலகையை நம்பிப் பயனில்லை. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் பூட்டி வைக்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டின் சாவி உங்கள் விண்டோஸ் லாகினோடு சேர்ந்தது, பேக்டோர் ஓடுவதும் உங்கள் லாகினில்தான். சாவியைக் கேட்டு வாங்கப் பல வழிகள் வைத்திருக்கிறார்கள்.

பாஸ்வேர்டைவிடக் குக்கிதான் பெரிய இழப்பு. ஒரு தடவை ஜிமெயிலில் நுழைந்தபின் தினமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை அல்லவா? ‘இவர் ஏற்கெனவே நுழைந்தவர்’ என்று சொல்லும் குக்கி பிரவுசரில் இருக்கிறது. அதைக் காப்பி எடுத்து வேறொரு கணினியில் வைத்துவிட்டால், பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்காமலே உங்கள் கணக்கு அங்கே திறந்துவிடலாம். ‘எனக்கு ஓடிபி வரவே இல்லையே, எப்படி உள்ளே போனான்?’ என்பவர்களுக்கு இதுதான் பதில்.

கணக்கு அலுவலகங்களுக்குத் தனியாக ஒன்று. டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கனைக் காலையில் செருகினால் இரவு கடையடைக்கும்வரை எடுப்பதில்லை. சில இடங்களில் வாடிக்கையாளர்களின் டோக்கன்கள் எல்லாம் ஒரே ஹப்பில் வரிசையாகத் தொங்கும், பின் நம்பர்கள் மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியிருக்கும். டோக்கனுக்குள் இருக்கும் சாவியை வெளியே காப்பி எடுக்க முடியாது, அது நல்ல பாதுகாப்பு. ஆனால் டோக்கன் செருகியே இருந்தால் காப்பி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கீ பதிவில் பின் நம்பர் கிடைத்துவிடும், ரிமோட்டில் இருப்பவன் உங்கள் கணினியிலிருந்தே கையெழுத்துப் போட்டுவிடலாம். கையெழுத்துப் போட்டதும் டோக்கனை எடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். செலவே இல்லாத பாதுகாப்பு இது.

ஜெராக்ஸ் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், சாதிச் சான்றிதழ் என்று ஊர்ப்பட்டவர்களின் வாழ்க்கையே கிடக்கும். அங்கே ஒரு பேக்டோர் இருந்தால் இழப்பு கடைக்காரருக்கு மட்டுமல்ல. கடை வைத்திருப்பவர்கள் தினமும் அடைக்கும்போது டவுன்லோட்ஸையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நகல் கொடுக்கப் போகிறவர்கள், முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை யூஐடிஏஐ தளத்திலிருந்து இறக்கிக் கொடுக்கலாம்.

‘நம்ம கணினியில் திருட என்ன இருக்கு’ என்று நினைப்பவர்கள் கூடங்குளத்தை நினைத்துக்கொள்ளலாம். 2019 செப்டம்பர் 4 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. அணுஉலையை இயக்கும் அமைப்புகள் தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றும் சொன்னது. ஆய்வாளர்கள் அந்த நிரலை டிட்ராக் என்று அடையாளம் கண்டார்கள். கீ பதிவு, பிரவுசர் வரலாறு, ஓடும் நிரல்களின் பட்டியல், இதெல்லாம் சேகரிக்கும் வகை அது. அங்கேயும் வழி தந்தது இணையத்தில் இணைந்த ஓர் அலுவலகக் கணினிதான்.

சோதித்துப் பார்ப்பது

சந்தேகம் எப்போது வர வேண்டும்? டிஃபெண்டர் தானாக அணைந்து கிடந்தால், நீங்கள் அனுப்பாத மெயில் ‘சென்ட்’டில் இருந்தால், புது இடத்திலிருந்து லாகின் என்று கூகுள் தகவல் அனுப்பினால், கேமரா விளக்கு காரணமில்லாமல் எரிந்தால். வெறுமனே கணினி மெதுவாக ஓடினால் பெரும்பாலும் ராம் பற்றாக்குறைதான், பயப்பட வேண்டாம்.

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். லேன் கேபிளை உருவுங்கள், வைஃபையை அணையுங்கள். கணினி அப்படியே ஓடட்டும்.

‘விண்டோஸ் செக்யூரிட்டி’ திறந்து ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’ போங்கள். ஸ்கேன் செய்வதற்கு முன் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ உள்ளே கீழே ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று இருக்கும், அதைப் பாருங்கள். டிஃபெண்டர் சோதிக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அது. நீங்களாகச் சேர்க்காத ஃபோல்டர் ஏதாவது, அதிலும் சி டிரைவ் முழுவதுமே அங்கே இருந்தால், ஏறக்குறைய விடை கிடைத்த மாதிரிதான். பலர் இந்த இடத்தைப் பார்க்காமல் ஸ்கேன் ஓட்டிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். எழுதிக்கொண்டு, பட்டியலை நீக்குங்கள்.

அடுத்து கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதியில் பெயர் தெரியாத எதன் மேலும் வலது கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே இருந்தால் பெரும்பாலும் முறையாக நிறுவப்பட்டது. ‘டெம்ப்’ ஃபோல்டரிலோ, ‘ஆப்டேட்டா’வில் அர்த்தமில்லாத எழுத்துகளாலான ஃபோல்டரிலோ இருந்தால் சந்தேகப்படுங்கள். சில நல்ல மென்பொருள்களும் ஆப்டேட்டாவில் இருக்கும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டாம். டாஸ்க் ஷெட்யூலரையும் இதேபோல ஒரு பார்வை பாருங்கள். ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலில் நீங்கள் போடாத எனிடெஸ்க், டீம்வியூவர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஸ்கேன். ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்கள் இதில் மாட்டும். கால் மணி நேரம் போல ஆகும். செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறது, சுத்தமான கணினியில் இறக்கி அதையும் ஓட்டலாம்.

வரிசை

பேக்டோர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அல்லது வலுவான சந்தேகம் இருக்கிறது. இனி இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒன்று. அந்தக் கணினி நெட் இல்லாமலே இருக்கட்டும். அதில் இனி எந்தப் பாஸ்வேர்டையும் அடிக்கக் கூடாது.

இரண்டு. வேறு ஒரு சுத்தமான போனையோ கணினியையோ எடுங்கள். அதில் முதலில் மெயில் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வங்கியை விட்டுவிட்டு மெயிலா என்று தோன்றும். மற்ற பெரும்பாலான கணக்குகளின் ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ மெயிலுக்குத்தான் வருகிறது. மெயில் திருடன் கையில் இருக்கும்வரை நீங்கள் மாற்றுவதை அவன் திருப்பி மாற்றுவான். பணம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது என்றால் மட்டும் இதற்கும் முன்னால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் போன் போடுங்கள்.

மூன்று. பாஸ்வேர்டை மாற்றியதோடு நிற்காமல், கூகுள் கணக்கில் ‘செக்யூரிட்டி’, ‘யுவர் டிவைசஸ்’ போய்த் தெரியாத கருவிகளையும் அந்தப் பழைய கணினியையும் சைன் அவுட் செய்யுங்கள். திருடப்பட்ட குக்கியைச் செல்லாக்காசாக்குவது இதுதான். ஜிமெயிலின் ‘ஃபார்வேர்டிங்’, ‘ஃபில்டர்ஸ்’ பகுதிகளைத் திறந்து, உங்கள் மெயில் வேறு முகவரிக்குப் போகும்படி யாராவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இதை விட்டுவிட்டால் பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் நகல் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ அனைத்தையும் லாக் அவுட் செய்யுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

நான்கு. அடுத்து வங்கி, யூபிஐ, ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களின் பாஸ்வேர்டுகளையும் பின் நம்பர்களையும் மாற்றுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அந்தக் கணினியில் செருகப்பட்டிருந்தால், கொடுத்த நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்து புதிதாக வாங்குவது நல்லது.

ஐந்து. பணம் போயிருந்தால் புகார். 1930-ஐ எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. தேசிய சைபர் கிரைம் தளத்திலும் பதிவு செய்யலாம். மதுரை மாநகரத்துக்கும் மதுரை மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உண்டு. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக்காரர்கள் மாவட்ட நிலையத்துக்குப் போக வேண்டும், ஆனால் எங்கே போவது என்ற யோசனையில் 1930-க்கு அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாத மோசடிகளில், தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் ஒரு வரம்புக்குட்பட்ட பொறுப்பு வரும். ஆக, நாள் முக்கியம். புகார் கொடுக்கும்வரை கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள், அதில்தான் சாட்சியம் இருக்கிறது. ஸ்கேன் முடிவு, எக்ஸ்க்ளூஷன் பட்டியல், வந்த மெயில் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஆறு. கடைசியாகத்தான் கணினியைச் சுத்தம் செய்வது. டிஃபெண்டர் பிடித்து நீக்கிவிட்டது என்றாலும், பணமும் கணக்கும் புழங்கும் கணினி என்றால் முழுதாக மறுபடி விண்டோஸ் போடுங்கள் என்றே சொல்வேன். உள்ளே ஒருவன் புழங்கியிருக்கிறான், வேறு என்னென்ன வைத்துவிட்டுப் போனான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆவணங்கள், படங்கள், டேலி டேட்டா ஃபோல்டர் இவற்றை மட்டும் காப்பி எடுங்கள், பழைய செட்டப் ஃபைல் எதுவும் வேண்டாம். விண்டோஸைச் சுத்தமான கணினி ஒன்றில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து பென்டிரைவில் இறக்கிப் போடுங்கள். பழைய நண்பர் வைத்திருக்கும் விண்டோஸ் பென்டிரைவை வாங்கிப் போட்டால், வந்தது மறுபடியும் வரும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, கணினி ஏற்கும் என்றால் இந்தச் சமயத்திலேயே 11-க்குப் போய்விடலாம்.

போனில் வந்தால்

முகூர்த்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வரும், பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருக்கும். டிராபிக் அபராதம், வங்கிப் பெயர், அரசுத் திட்டம் என்று வேறு முகங்களிலும் வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரலாம், அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும், ஆப்பாக வராது. இன்ஸ்டால் செய்துவிட்டால் எஸ்எம்எஸ் அனுமதியும் அக்சஸிபிலிட்டி அனுமதியும் கேட்கும். முதலாவது ஓடிபியைப் படிக்க, இரண்டாவது திரையைப் பார்த்து உங்களுக்குப் பதில் தானே பொத்தான் அழுத்த.

போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே ஃப்ளைட் மோட். சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள், ஓடிபி அங்கே வரட்டும். அந்தச் சிம்மில் ##002# அடித்தால் அழைப்புத் திருப்பல் எல்லாம் ரத்தாகும். மாட்டிய போனில் செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின்’ பட்டியலிலிருந்து அந்த ஆப்பை நீக்கிவிட்டு அன்இன்ஸ்டால் செய்யுங்கள், ஆப் போக மறுத்தால் சேஃப் மோடில் முயலுங்கள். பிறகு ஃபேக்டரி ரீசெட். பாஸ்வேர்டு மாற்றும் வரிசை மேலே சொன்னதேதான்.

புது விண்டோஸ் போட்ட அன்றே செய்ய வேண்டியது

இரண்டு லாகின் உருவாக்குங்கள். ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர், நல்ல பாஸ்வேர்டோடு. இன்னொன்று ஸ்டாண்டர்டு யூசர், அன்றாட வேலையெல்லாம் இதில்தான். பெரும்பாலான வீடுகளிலும் கடைகளிலும் எல்லாரும் அட்மினிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் வருகிற நிரலுக்கும் அட்மின் உரிமை எளிதாகக் கிடைத்துவிடுகிறது. ஸ்டாண்டர்டு லாகினில் இருந்தால், கணினி முழுவதையும் பாதிக்கும் எதுவானாலும் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும். பாஸ்வேர்டுத் திருட்டை இது மட்டும் தடுத்துவிடாது, ஆனால் டிஃபெண்டரை அணைப்பதையும் விலக்குப் பட்டியலில் கை வைப்பதையும் தடுக்கும்.

கடையில் வேலைக்கு இருக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ ஸ்டாண்டர்டு லாகினை மட்டும் கொடுங்கள். கொடுக்கும்போது, “தம்பி, அட்மின் பாஸ்வேர்டு கேட்டா எதையும் அமுக்காம என்னைக் கூப்பிடு, திட்ட மாட்டேன்” என்று சொல்லிக் கொடுங்கள். கிளிக் செய்துவிட்டுத் திட்டுக்குப் பயந்து மறைக்கிற அந்த ஒரு நாளில்தான் திருடன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறான்.